துன்பக்கேணி எழுதியவரும் தூங்கும் கிருமியும்

தேயிலைத் தோட்டத் தமிழரின் வாழ்க்கையைக் கதையாக எழுதிய முன்னோடிகள் யார் யார் என்று பேச்சு வந்தால் புதுமைப்பித்தனின் பெயரும் தவறாமல் வரும். 1935இல் மணிக்கொடி இதழில் அவர் எழுதிய 'துன்பக்கேணி'தான் அதற்குக் காரணம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வழியில்லாமல் இலங்கைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதி என்ற பெண்ணின் கதை அது. தோட்டத்தில் அதிகாரம் உள்ளவர்களின் கையில் அவள் பட்ட பாடும், நோய் தொற்றி அவள் உருக்குலைந்த விதமும் அதில் இருக்கின்றன. அந்தக் கதை வெளிவந்து 13 வருடங்களில் அதை எழுதியவரும் நோயில் உருக்குலைந்து 42 வயதில் இறந்துபோனார். சயரோகம், இன்று நாம் காசநோய் என்று சொல்வது, அவரைக் கொன்றது.

அவருடைய எழுத்தைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. இலக்கியம் படித்தவர்கள் ஏற்கனவே நிறைய எழுதிவிட்டார்கள். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியன். டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் வன்னிக்குப் போனது. யுத்தம் முடியும்வரை அங்கேதான் இருந்தோம். இப்போது மறுபடியும் ஹட்டனில் இருக்கிறேன். இந்த இரண்டு இடங்களிலும் காசநோயால் மெலிந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே புதுமைப்பித்தனின் வாழ்க்கையை வாசிக்கும்போதெல்லாம் அவருடைய கதைகளோடு அவருடைய நெஞ்சுக்குள் நடந்ததும் என் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சொ. விருத்தாசலம் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1906 ஏப்ரல் 25ஆம் திகதி கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர். உத்தியோகம் எங்கெங்கே இழுத்ததோ அங்கெல்லாம் குடும்பமும் போனது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று பள்ளிக்கூடங்கள் மாறின. தாய் பர்வதத்தம்மாள் மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தகப்பனார் மறுமணம் செய்தார். 1918இல் அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே படிப்பைத் தொடர்ந்த விருத்தாசலம், இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடிக்கும்போது 1931 ஆகிவிட்டது. வயது 25. நல்ல மாணவன் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் பட்ட ஆங்கில நாவல்களையெல்லாம் விடிய விடிய வாசித்ததுதான் அவருடைய உண்மையான படிப்பு.

1932இல் திருவனந்தபுரத்துப் பெண்ணான கமலாவை மணந்தார். மகன் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மகனோ எழுத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் முறுகல். 1933இல் 'காந்தி' பத்திரிகையில் முதல் எழுத்து வந்தது. அடுத்த வருடம் மணிக்கொடியில் கதைகள் வரத் தொடங்கின. புதுமைப்பித்தன் என்ற பெயரும் நிலைத்தது. சென்னைக்குக் குடிபெயர்ந்தார். கமலா பெரும்பாலான காலம் திருவனந்தபுரத்தில் பெற்றோரோடு இருக்கவேண்டியிருந்தது. இருவருக்கும் இடையில் கடிதங்கள்தான். சம்பளம் வருவதும் வராமல் போவதும், அனுப்பிய பணம் எதற்கு எட்டியது என்பதுமே அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி. கடல் கடந்து உழைக்கப் போனவர்களின் வீடுகளில் நாம் இன்றும் கேட்பது இதைத்தான்.

ஊழியன், அதன் பிறகு தினமணி. தினமணியில் டி.எஸ். சொக்கலிங்கத்தின் கீழ் பல வருடங்கள் வேலை பார்த்தார். 1943இல் சொக்கலிங்கம் விலகியபோது இவரும் கூடவே விலகினார். இடைப்பட்ட காலத்தில் எழுதிக் குவித்தார். ஏறத்தாழ நூறு சிறுகதைகள், மொழிபெயர்ப்புகள், ஹிட்லரையும் முசோலினியையும் பற்றிய புத்தகங்கள், வேறொரு பெயரில் கவிதைகள். 'பொன்னகரம்', 'மகாமசானம்', 'காஞ்சனை', 'சாபவிமோசனம்' எல்லாம் பதினைந்து வருடங்களுக்கும் குறைந்த ஒரு காலத்துக்குள் எழுதியவை.

எனக்கு அவருடைய கதைகளில் மிகவும் பிடித்தது 'செல்லம்மாள்'. சென்னையில் ஒரு துணிக்கடையில் அற்பச் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு மனிதன், நோயாளி மனைவியைத் தனியாகவே பராமரிக்கிறான். மருந்து, கஞ்சி, வெந்நீர், மறுபடி கடைக்கு ஓட்டம். கடைசியில் அவள் போய்விடுகிறாள். இதை வாசிக்கும் யாருக்கும், எழுதியவர் நோயாளி கிடக்கும் வீட்டின் உள்ளே இருந்து பார்த்தவர் என்பது விளங்கும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளையே சென்னைக்குக் கூட்டிவந்து, சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் ஒரு மனிதனின் வீட்டில் தங்கவைத்தார். வைத்தியத்தையும் தெய்வத்தையும் ஒருசேரக் கேலி செய்ய அவருக்கு முடிந்தது.

ஆள் மெலிந்தவர். பட்டணத்து நெருக்கமான வீடுகள், இரவு வேலை, வேளைக்குச் சாப்பாடு இல்லாத நாட்கள், ஓயாத வெற்றிலை. இரண்டாம் உலக யுத்தக் காலம் வேறு. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே பாதி காலியானது. அரிசிக்குத் தட்டுப்பாடு. யுத்தம் வந்தால் காசநோய் கூடும் என்பதை முதலாம் உலக யுத்தத்திலேயே ஐரோப்பா கண்டுகொண்டது. குண்டு விழாத ஊர்களில்கூடக் கூடியது. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, கிருமி உடலுக்குள் போனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

காசநோய்க் கிருமியை 1882 மார்ச் 24ஆம் திகதி பெர்லினில் ரொபர்ட் கொக் என்ற வைத்தியர் உலகத்துக்குக் காட்டினார். நோயாளி இருமும்போது, பேசும்போது, பாடும்போது வெளியேறும் நுண்ணிய துளிகளில் இது காற்றில் மிதக்கும். பாத்திரத்தாலோ உடுப்பாலோ தொற்றுவதில்லை. இன்றைக்கும் நோயாளிக்குத் தனிக் கோப்பை வைக்கும் வீடுகள் மலையகத்திலும் இருக்கின்றன, வன்னியிலும் இருக்கின்றன. கோப்பையைப் பிரிப்பதால் ஒரு பயனும் இல்லை, ஜன்னலைத் திறந்தால் பயன் உண்டு.

மூச்சோடு உள்ளே போகும் கிருமி சுவாசப்பையின் கடைசி முனையில் இருக்கும் சிற்றறைகளுக்குப் போய்ச் சேரும். அங்கே காவல் நிற்பவை விழுங்கும் கலங்கள். தூசியோ கிருமியோ எது வந்தாலும் அவை விழுங்கிச் செரித்துவிடும். காசநோய்க் கிருமியையும் விழுங்குகின்றன. செரிப்பதில்தான் சிக்கல். கிருமியின் மேல் மெழுகு போன்ற தடித்த போர்வை ஒன்று இருக்கிறது. அதோடு, விழுங்கிய பைக்குள் செரிக்கும் சாறு வந்து சேராதபடி கிருமி தடுத்துவிடும். தன்னைக் கொல்ல வந்த கலத்துக்குள்ளேயே குடியிருந்து மெதுவாகப் பெருகும்.

உடல் இதை உணர்வதற்கே சில வாரங்கள் ஆகும். தூது செல்லும் கலங்கள் கிருமியின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே ரீ கலங்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் அந்தத் துண்டை அடையாளம் கண்டு பெருகுகின்றன. இரண்டு முதல் எட்டு வாரங்களில் அவை சுவாசப்பைக்கு வந்து சேர்ந்து, இன்டர்பெரோன் காமா என்ற பதார்த்தத்தைச் சுரக்கின்றன. அதுவரை செரிக்க முடியாமல் திணறிய விழுங்கும் கலங்களுக்கு அது ஓர் உத்தரவு மாதிரி. அவை பலம் பெற்றுக் கிருமிகளைக் கொல்லத் தொடங்கும். கொல்ல முடியாமல் மிஞ்சியவற்றைச் சுற்றிக் கலங்கள் வட்டம் வட்டமாக அடுக்கி ஒரு சுவர் எழுப்பும். இதைச் சிறுமணிக் கட்டி என்று சொல்லலாம். கிருமி செத்துவிடவில்லை. உள்ளே தூங்குகிறது.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி ஒரு காலத்தில் தொற்றியிருக்கிறது என்பது கணக்கு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளியே வரும். மற்றவர்கள் சுவரோடு வாழ்ந்து சுவரோடு போய்ச் சேர்வார்கள். அவர்கள் யாருக்கும் நோயைப் பரப்புவதும் இல்லை. சுவர் எப்போது இடியும் என்பதுதான் கேள்வி. பட்டினி கிடந்தால் இடியும். நீரிழிவு வந்தால், எச்.ஐ.வி. தொற்றினால், ஸ்டீரொயிட் மருந்தை நீண்ட காலம் எடுத்தால், குடியில் விழுந்தால், முதுமை வந்தால் இடியும். ரீ கலங்களை உருவாக்கவும் சுவரைத் திருத்திக்கொண்டே இருக்கவும் உடலுக்குப் புரதம் வேண்டும். யுத்தக் காலத்தில் காசநோய் கூடுவதற்கு ஜன நெருக்கம் ஒரு காரணம் என்றால், தட்டில் சோறு குறைவது அதற்குச் சமமான இன்னொரு காரணம். பதுங்குகுழியிலும் பிறகு முகாம் கூடாரத்திலும் இருந்த எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருந்தன. அந்தக் காலத்தில் உள்ளே போன கிருமி பத்து வருடம் கழித்தும் கண் விழிக்கலாம் என்பதை வன்னி மக்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னும் ஒன்று. காசநோயில் சுவாசப்பையை அரித்துப் பொந்தாக்குவது கிருமி மட்டும் இல்லை. கிருமியோடு நடக்கும் சண்டையில் நம்முடைய கலங்கள் சுரக்கும் பதார்த்தங்களே சுற்றியுள்ள சதையையும் கரைத்துவிடுகின்றன. கட்டியின் நடுப்பகுதி செத்து, பாற்கட்டி போலக் குழைந்து, மூச்சுக்குழாய்க்குள் உடைத்துக்கொள்ளும். அப்போதுதான் இருமலில் இரத்தம் வரும், காற்றில் கிருமியும் வரும். ஊரைக் காக்க வந்தவர்கள் ஊரையே கொளுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம், ஆகவே இதை விளக்க எனக்கு வேறு உவமை தேட வேண்டியிருந்ததில்லை.

இதே கிருமியின் உறவுக்காரன்தான் தொழுநோய்க் கிருமி. அதிலும் உடலின் எதிர்ப்புத்தான் நோயின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ரீ கலங்கள் பலமாக எதிர்த்தால் ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற தேமலோடு நிற்கும், ஆனால் நரம்பு கெடும். எதிர்ப்பு பலவீனமானால் கிருமி உடலெங்கும் பரவி முகமே மாறிவிடும். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்ற ஒரு தீவையே அந்த நோயாளிகளுக்காக ஒதுக்கினார்கள். அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களின் கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

புதுமைப்பித்தனிடம் திரும்புவோம். தினமணியை விட்ட பிறகு தினசரியில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சினிமா அவரை இழுத்தது. ஜெமினியின் 'ஔவையா'ருக்கும் வேறு படங்களுக்கும் எழுதினார். தாயின் பெயரை நினைவுபடுத்துவது போல 'பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்' என்று சொந்தமாக ஒரு கம்பனி தொடங்கி, 'வசந்தவல்லி' என்ற படம் எடுக்கப் பார்த்தார். படம் வரவில்லை, பணம் மட்டும் போனது. 1946இல் மகள் தினகரி பிறந்தாள். கையில் காசு இல்லாத நேரத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதும் வேலை வந்தது. பாகவதர் 1947இல் சிறையிலிருந்து வெளியே வந்து எடுக்கும் படம். படப்பிடிப்பு பூனாவில். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவர் பூனாவுக்குப் போனார்.

அங்கேதான் நோய் முற்றியது. அவருக்கு எந்த வயதில், எந்த ஊரில் கிருமி தொற்றியது என்பதை எந்த வைத்தியராலும் சொல்லியிருக்க முடியாது. இந்த நோயின் சுபாவம் அப்படி. அந்தக் காலத்துச் சென்னையில் வளர்ந்தவர்களின் சுவாசப்பையில் அது இல்லாதிருந்தால்தான் அதிசயம். நாற்பது வயதுவரை அவருடைய சுவர் நின்றது. பிறகு இடிந்தது. 1948இல் எலும்பும் தோலுமாகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். சில வாரங்களில், அந்த வருடத்தின் நடுப்பகுதியில், கமலாவின் பக்கத்தில் உயிர் பிரிந்தது. மகளுக்கு இரண்டு வயது.

1948 என்ற அந்த வருடத்தை நான் விட்டுவிட முடியாது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிரித்தானியாவில் 107 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பரிசோதித்தார்கள். மருந்து கொடுத்த 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்த 52 பேரில் இறந்தவர்கள் 14 பேர். இந்த முடிவு அச்சில் வந்தது 1948 ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுமைப்பித்தன் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு. ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெலுக்கு அந்த வருடமே அமெரிக்காவிலிருந்து மருந்தை வரவழைத்துக் கொடுத்தார்கள். அவரும் பிழைக்கவில்லை. ஆனால் அவருக்கு மருந்தாவது வந்தது. திருவனந்தபுரத்தில் படுத்த தமிழ் எழுத்தாளருக்கு அது எட்டாத தூரத்தில் இருந்தது. அதே 1948இல்தான் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி தயாரிக்கும் ஆய்வுகூடமும் தொடங்கியது. அதே 1948 நவம்பர் 15இல்தான் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மருதியின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது.

ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியே கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். அது தெரிந்த பிறகுதான் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. மருந்து வருவதற்கு முன் சனடோரியம்தான் வைத்தியம். வெயில், காற்று, முட்டை, பால், ஓய்வு. சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் வைத்தியர் சௌரிமுத்து 1928இல் அப்படி ஒன்றைத் தொடங்கினார். உடலின் எதிர்ப்பைத் தூக்கி நிறுத்தும் முயற்சி அது, கிருமியை நேரடியாகத் தொடாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையத்தில், 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சனடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த பிள்ளைகளுக்கும் தொற்று அதிகமாகவில்லை. மருந்து தொடங்கியதும் நோயாளி பரப்புவது வேகமாகக் குறைந்துவிடுவதே காரணம். உலகம் முழுக்க வீட்டிலிருந்தே வைத்தியம் என்ற முறை வந்தது இந்த ஆய்வுக்குப் பிறகுதான். நமக்குக் கிடைத்த பெரிய வரப்பிரசாதம் இது. ஆனால் நம் இலக்கியக் கூட்டங்களிலோ பள்ளிப் பாடங்களிலோ இதைப் பற்றிப் பேச நான் கேட்டதில்லை.

தடுப்பூசியின் கதை அவ்வளவு சுகமானது இல்லை. பி.சி.ஜி. என்பது பலவீனமாக்கப்பட்ட மாட்டுக் காசநோய்க் கிருமி. கல்மெத், கேரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருடம் வளர்த்து வளர்த்து அதன் நஞ்சை ஒழித்து, 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ரீ கலங்களுக்கு எதிரியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பதுதான் இதன் வேலை. ஆனால் 1968 தொடக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்களிடம் நடத்திய ஆய்வில், பெரியவர்களின் சுவாசப்பைக் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் அது நன்றாகத் தடுக்கும். தொழுநோய்க்கு எதிராகவும் ஓரளவு உதவும். அதனால்தான் இங்கே பிறந்தவுடனேயே இடது தோளில் ஏற்றுகிறார்கள். இடம்பெயர்வில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைத் தொலைத்த தாய்மார் எத்தனையோ பேர். அட்டை போனாலும் தோளில் தழும்பு இருந்தது.

'துன்பக்கேணி' எழுதியவருக்கு இந்த மலையைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இலங்கைப் பயணம் எதுவும் வருவதில்லை. நெல்லைச் சீமைக்குத் திரும்பி வந்தவர்களின் வாய்மொழியே போதுமாயிருந்தது. தோட்டத்தின் வேலை நுணுக்கங்கள் கதையில் குறைவு என்பது உண்மை. பிரட்டுக்களத்து விடியலும் கொழுந்து நிறுக்கும் இடத்துச் சண்டையும் நம்முடைய எழுத்தாளர்களிடம் வரும் அளவுக்கு அவரிடம் வரவில்லை. ஆனால் ஒன்றை அவர் சரியாகப் பிடித்தார். நோய் தோட்டத்தில் தற்செயலாக வருவதில்லை, கூலியோடும் லயத்தோடும் அதிகாரத்தோடும் சேர்ந்தே வருகிறது என்பதை. கொக்கின் கிருமியைவிட இதை ஒத்துக்கொள்ள வைத்திய உலகத்துக்கு அதிக காலம் எடுத்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்குள் மூன்று தலைமுறை. குளிருக்கும் மழைக்கும் பயந்து மூடிய ஜன்னல், சில லயங்களில் ஜன்னலே கிடையாது. உள்ளே விறகடுப்புப் புகை. ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் விடியும்வரை இழுக்கவேண்டும். 2016இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் நாட்டில் நூற்றுக்கு 17, தோட்டத்துறையில் நூற்றுக்கு 32 அளவில். சுவர் கட்டக் கல் இல்லாத உடம்பு என்றால் இதுதான். இந்தியாவில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 தொடக்கம் 2022 வரை ஓர் ஆய்வு செய்தார்கள். காசநோயாளி இருக்கும் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்துணவும் கொடுத்ததில், அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது. புது மருந்து, புது ஊசி எதுவுமில்லாமல் வந்த பலன் அது. நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசும் மேசைகளில் இந்தக் கணக்கையும் யாராவது வைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். பெயர் வேண்டாம். இருமலோடு மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை. மாத்திரை தொடங்கிய இரண்டாம் மாதமே உடம்பு தேறியது, எடை கூடியது. சுகமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டார். கிளினிக்குக்குப் போனால் அரை நாள் பேர் போய்விடும் என்ற கணக்கும் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் திரும்பவும் படுத்தார். இரண்டாம் முறை எழும்பவில்லை. ஆறு மாத வைத்தியம் ஏன் ஆறு மாதம் என்பதை அவருக்கு யாரும் விளங்கும்படி சொல்லியிருக்கவில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், வேகமாகப் பெருகும் கிருமிகளைக் கொல்கின்றன. அதில்தான் இருமல் நிற்கிறது. அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள், கட்டிக்குள் அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிருமிகளுக்காக. அவை மெதுவாகத்தான் சாகும். இடையில் நிறுத்தினால் மிஞ்சியது விழித்துக்கொள்ளும், சிலவேளை மருந்துக்குப் பழகியும் விடும்.

இலங்கையில் வருடத்துக்கு எட்டாயிரம் அளவில் காசநோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்தும் சளிப் பரிசோதனையும் அரசாங்கத்தில் இலவசம். மாவட்டத்துக்கு மாவட்டம் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் அங்கே போகலாம். கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணித்தியாலத்தில் வீக்கத்தை அளந்து பார்ப்பார்கள். 1890இல் மருந்து என்று கொக் அறிவித்துத் தோற்றுப்போன பொருளின் வாரிசுதான் அந்த ஊசி. மருந்தாக உதவாதது, உடலின் ரீ கலங்களுக்குக் கிருமியோடு ஏற்கனவே பழக்கம் உண்டா என்று சொல்லும் சோதனையாக உதவுகிறது. வீங்கினால் நோய் என்று அர்த்தம் இல்லை. கிருமியைச் சந்தித்த உடம்பு என்று மட்டும் அர்த்தம். தடுப்பூசி போட்டவர்களுக்கும் கொஞ்சம் வீங்கலாம். மேற்கொண்டு சளியையும் எக்ஸ்ரே படத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

புதுமைப்பித்தனின் கடைசிக் கதை 'கயிற்றரவு'. பனைகள் நிற்கும் ஊர்ப்புறத்தில், சாவின் வாசலில் இருக்கும் ஒருவனின் நினைவோட்டம். எழுதிய வருடம் 1948. அவர் இறந்த பிறகு அந்த ஒக்டோபரில் 'ராஜமுக்தி' திரைக்கு வந்தது. படம் ஓடவில்லை. கதைகள் சிறு சிறு புத்தகங்களாக வந்துகொண்டிருந்தன. அவருடைய இளம் நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2002இல் தமிழ்நாட்டு அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. கமலாவும் சிறுகதைகள் எழுதியவர். கணவன் போன பிறகு தனியாக நின்று தினகரியை வளர்த்து ஆளாக்கினார்.